பிளஸ் 2 முடிச்சதும் 'ஃபாரின் சம்மர் கோர்ஸ்': ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோர் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்ச்சில் பிளஸ் 2 பரீட்சை முடிகிறது. மே மாதம் ரிசல்ட். பொறியியல் முதலாண்டு வகுப்பு தொடங்க ஆகஸ்ட், சில வருடம் செப்டம்பரே ஆகிவிடும். நடுவில் கிடைக்கும் இந்த மாதங்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. "காலேஜ் சேரும் முன்னாடி ரெண்டு வாரம் லண்டன்", "மூணு வாரம் சிங்கப்பூர், சர்டிபிகேட்டோட" என்று செல்போனில் வரும் விளம்பரங்கள்தான் அதன் முகம்.

விருதுநகர் மாவட்டம் இதற்கு நல்ல சந்தை. 2023 பிளஸ் 2 தேர்வில் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் இது. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள், 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, கோயில், நீதிமன்றம் என்று ஓடும் ஊர்கள். பிள்ளை படிப்பு என்றால் நகையை அடகு வைக்கத் தயங்காத வீடுகள் இங்கே அதிகம். விற்பவர்களுக்கும் அது தெரியும். "அண்ணாச்சி, இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு, அட்வான்ஸ் மட்டும் போட்டு வச்சிருங்க" என்ற பேச்சு அந்த நம்பிக்கையில்தான் வருகிறது.

இந்தக் கோர்ஸ்கள் எல்லாமே மோசடி கிடையாது. நல்லதும் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டிலேயே ஒரு கல்லூரியில் சேரப் போகிற மாணவருக்கு, அதுவும் முதலாண்டு தொடங்குவதற்கு முன்பு, இதற்குச் சில லட்சம் செலவு செய்யலாமா என்பது வேறு கேள்வி. பெரும்பாலான குடும்பங்களுக்கு அதன் பதில் 'இப்போது வேண்டாம்' என்பதாகவே இருக்கும். ஏன்?

இந்த ஐடியா எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்துதான். அங்கே சில பல்கலைக்கழகங்கள், அட்மிஷன் போட்ட மாணவரை முதல் செமஸ்டர் தொடங்கும் முன்பே சில வாரம் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகின்றன. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இதில் நன்றாகத் தெரிந்த உதாரணம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கென்றே கோடையில் வெளிநாட்டு 'செமினார்' நடத்துகிறது. கூடவே போவது அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். படித்ததற்குக் கிரெடிட் உண்டு, அது அந்த மாணவரின் பட்டப்படிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். திரும்பி வந்து வகுப்பில் உட்காரும்போது ஒரு பேராசிரியரையும் பத்துப் பதினைந்து சகமாணவர்களையும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். முதல் வருடத்தில் தனியாக நிற்கும் பயம் போகும்.

கவனிக்க வேண்டியது இதில் ஒன்றுதான். அந்தப் பயணத்தை நடத்துவது மாணவர் சேரப் போகிற கல்லூரியே. பயணமும் படிப்பும் ஒரே நூலில் கட்டியவை.

நம்மூரில் விற்கப்படுவதில் அந்த நூல் இல்லை. ஜூனில் லண்டன் போகும் மாணவருக்கு, தான் ஆகஸ்டில் எந்தக் கல்லூரியில் இருப்போம் என்றே தெரியாது. அங்கே வாங்கும் சான்றிதழை ஏற்றுக்கொள்ள ஒரு கல்லூரி அப்போது இல்லவே இல்லை. 2021-ல் வந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் போடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் கிரெடிட்டைப் பதிவேற்ற வேண்டியது அதில் பதிவு செய்த கல்வி நிறுவனம். மாணவர் தானாக ஒரு வெளிநாட்டு சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் அதில் 'டெபாசிட்' செய்ய முடியாது.

'ஆக்ஸ்போர்டுல நடக்குது' என்றால் ஆக்ஸ்போர்டு நடத்துகிறதா?

பலர் சறுக்கும் இடம் இது.

பிரிட்டனில் கோடை விடுமுறையில் கல்லூரி விடுதிகளும் வகுப்பறைகளும் காலியாக இருக்கும். கல்லூரிகள் அவற்றை வாடகைக்கு விடுகின்றன. தனியார் நிறுவனங்கள் எடுத்து சம்மர் ஸ்கூல் நடத்துகின்றன. மாணவர் தங்குவது நிஜமான ஆக்ஸ்போர்டு கல்லூரி அறையில். சாப்பிடுவது படத்தில் பார்த்த அதே பழைய ஹாலில். எடுக்கிற போட்டோ எல்லாம் உண்மை. ஆனால் கையில் கிடைக்கும் சான்றிதழ் அந்தத் தனியார் நிறுவனத்துடையது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தங்கள் நகரத்தில் நடக்கும் இத்தகைய தனியார் கோர்ஸ்களுடன் தங்களுக்குத் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகமே தன் இணையதளத்தில் எச்சரித்து வைத்திருக்கிறது.

கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர் மண்டப உரிமையாளர் ஆகிவிடுவாரா? அதே கதைதான்.

சரி, ஆக்ஸ்போர்டு தானே நடத்தும் சம்மர் ஸ்கூல் இல்லையா? இருக்கிறது. 'யூனிக்' என்ற பெயரில் 2010 முதல் நடக்கிறது. அது முழுக்க இலவசம். ஆனால் பிரிட்டனின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். வீட்டில் யாரும் பல்கலைக்கழகப் பக்கம் போகாத பிள்ளைகள், வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகள் ஆகியோருக்கு அதில் முன்னுரிமை. சட்டன் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையும் பல பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து இதே போல இலவசமாக நடத்துகிறது. அதாவது, வசதி குறைந்த பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று அந்த நாடு நினைக்கிற ஒரு விஷயத்தின் போட்டோவைக் காட்டித்தான் இங்கே தறி ஓட்டும் குடும்பத்திடம் லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் நேரடியாகக் கட்டணம் வாங்கி நடத்தும் நல்ல கோர்ஸ்களும் உண்டு. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் சம்மர் ஸ்கூல் 1989 முதல் நடக்கிறது. தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு, டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்கும். ஆனால் அது கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களை மனதில் வைத்து அமைந்தது, 18 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். நம்மூரில் பிளஸ் 2 முடிக்கும் பிள்ளைகளில் பலருக்கு ஜூனில் 17தான்.

காலண்டர் ஒத்துவருமா?

பணத்தைவிடப் பெரிய சிக்கல் இதில்தான் இருக்கிறது. யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

நமக்குக் கோடை என்றால் ஏப்ரல், மே. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கோடை என்றால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் வரை. பல்கலைக்கழகங்களின் சம்மர் கோர்ஸ்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். தமிழ்நாட்டு மாணவருக்கு அது என்ன நேரம்? கவுன்சலிங் நேரம்.

பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளலாம். 2025-ல் விண்ணப்பம் மே 7-ல் தொடங்கி ஜூன் 6-ல் முடிந்தது. சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு ஜூலை 7-ல் ஆரம்பித்தது, அதன் பிறகு பொதுக் கலந்தாய்வு ஆகஸ்ட் வரை ஓடியது. எல்லாமே ஆன்லைன்தான். அதனால் "அங்கிருந்தே லேப்டாப்ல பார்த்துக்கலாம்" என்று சொல்வார்கள். ஆனால் நடைமுறை அவ்வளவு லேசானது இல்லை. தன் சுற்று வரும்போது சில நாளுக்குள் கல்லூரி, பாடப்பிரிவு விருப்பப் பட்டியலைப் பூட்ட வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். கிடைத்த இடத்தை எடுத்துக்கொண்டால் குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து கட்டணம் கட்ட வேண்டும். இதில் எந்தப் படி தவறினாலும் இடம் போய்விடும். ஓ.டி.பி. வரும் சிம் கார்டு ரோமிங்கில் வேலை செய்யவில்லை என்பது இரண்டு நாள் கெடு வைத்த கலந்தாய்வில் சின்ன விஷயம் இல்லை.

நீட் எழுதியவர்களுக்கு இன்னும் கஷ்டம். 2025-ல் நீட் ரிசல்ட் ஜூன் 14-ல்தான் வந்தது. அதன் பிறகு மருத்துவக் கலந்தாய்வு எப்போது, எத்தனை சுற்று என்பது வழக்குகளையும் பொறுத்தது. இந்த மாதங்களில் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்துவிட்டு, கையில் ஹால் டிக்கெட்டோடு காத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல.

ஏப்ரல், மே மாதங்களிலேயே போய்விட்டு வரலாமே? அப்போது நடப்பவை பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் பக்கம் தனியார் ஏற்பாடு செய்யும் 'எஜுகேஷன் டூர்'. இரண்டு பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், ஒரு நாள் வொர்க்‌ஷாப், மிச்சம் ஊர் சுற்றல். அதை டூர் என்று தெரிந்து போனால் தப்பே இல்லை. படிப்பு என்று நினைத்துப் போனால்தான் ஏமாற்றம்.

மொத்தச் செலவு என்ன? விளம்பரத்தில் இல்லாதது எது?

விளம்பரத்தில் வருவது கோர்ஸ் கட்டணம், தங்குமிடம். சில நேரம் விமானக் கட்டணமும் சேர்ந்திருக்கும். அதற்கு வெளியே நிற்பவைதான் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும்.

முதலில் பாஸ்போர்ட். சாதாரண விண்ணப்பத்துக்கு 1,500 ரூபாய், அவசரமாகத் தட்கலில் எடுத்தால் கூடுதலாக 2,000. விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் விரும்பினால் 10 வருடம் செல்லும் பாஸ்போர்ட்டே எடுத்துக்கொள்ளலாம். இது பலருக்குத் தெரியாது.

அடுத்து விசா. பிரிட்டனில் ஆறு மாதத்துக்குக் குறைவான கோர்ஸுக்கு சாதாரண விசிட்டர் விசாவே போதும். ஆனால் நடத்தும் நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. அமெரிக்கா கொஞ்சம் சிக்கலானது. கிரெடிட் இல்லாத, பொழுதுபோக்கு வகைக் குறுகிய வகுப்பு என்றால் விசிட்டர் விசா போதும். கிரெடிட் தரும் கோர்ஸ் என்றால் மாணவர் விசா வேண்டும். அதற்கு விசா கட்டணம் 185 டாலர், அதற்கு மேல் 350 டாலர் 'செவிஸ்' கட்டணம். நேர்காணல் சென்னைத் துணைத் தூதரகத்தில். பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி காலையில் எழும்பூரில் இறங்கி, நேர்காணல் முடித்துத் திரும்பும் செலவும் நாளும் தனிக் கணக்கு. விசா மறுக்கப்பட்டாலும் இந்தக் கட்டணங்கள் திரும்ப வராது.

விசா அதிகாரி பார்ப்பது வங்கிக் கணக்கையும்தான். கடைசி வாரத்தில் மாமாவிடமும் சித்தப்பாவிடமும் வாங்கி மொத்தமாகக் கணக்கில் போட்ட பணம், ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த உடனே தெரிந்துவிடும். "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லை என்றால் மறுப்பு வரலாம். ஒருமுறை மறுக்கப்பட்டால், பிற்பாடு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுத வேண்டியிருக்கும். நிஜமாகவே மேல்படிப்புக்குப் போகிற நாளில் அது நெருடும்.

மூன்றாவது, வரி. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் வங்கி டி.சி.எஸ். பிடிக்கும். படிப்புக்கென்று அனுப்பினால் ஒரு வருடத்தில் 10 லட்சம் ரூபாய் வரை பிடித்தம் இல்லை. இந்த வரம்பு 2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து உயர்ந்தது. ஆனால் இந்திய ஏஜென்சி ஒன்று டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' ஆக விற்றால் அது வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் கணக்கில் போகும். அதற்கு முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம் உண்டு. விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், கட்டும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். இது இழந்த பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும். ஆனால் தாக்கல் செய்யும் வழக்கமே இல்லாத வீடுகளுக்கு அது போன பணம்தான்.

கல்விக் கடன் கிடைக்குமா என்றால், இரண்டு மூன்று வாரக் கோர்ஸுக்கு வங்கிகள் பொதுவாகத் தருவதில்லை. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தரும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை நல்ல பெரிய தொகை, ஆனால் அது முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு. ஆகவே கடைசியில் மிஞ்சுவது நகைக் கடன்.

ஒரு கணக்கு. பயணம், கட்டணம், விசா எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2017-ல் கட்டண நிர்ணயக் குழு வைத்த வரம்புப்படி, சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு, தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானாலும் ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 2 லட்சத்து 20 ஆயிரம். இரண்டு வாரப் பயணத்தின் செலவு, நான்கு வருடப் பட்டப்படிப்பின் கட்டணத்தைத் தாண்டுகிறது.

அப்போ வெளிநாட்டு வாய்ப்பே கிடையாதா?

இருக்கிறது. காசு கட்டாமலே இருக்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முதலாண்டுக்கு முன்பு இல்லை, முதலாண்டுக்குப் பின்புதான்.

பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம், அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளின் பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அதன் 'ஸ்கவுட்' பிரிவில் 2024 ஜூனில் 25 பொறியியல் மாணவர்கள், சென்னையில் தீவிரப் பயிற்சி முடித்துத் தேர்வாகி, அரசு செலவில் ஒரு வாரம் இங்கிலாந்தின் டர்ஹம் நகருக்குப் போய் வந்தார்கள். செயற்கை நுண்ணறிவு, டேட்டா உள்ளிட்ட பாடங்களில் பயிற்சி. அந்த 25 பேரில் மாணவியர் பாதிக்கு மேல். (அப்போது பல செய்திகள் இதை 'லண்டன் பயணம்' என்றே எழுதின. டர்ஹம், லண்டனுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊர். ராஜபாளையத்தைச் சென்னை என்று சொல்வது மாதிரி.)

25 என்பது சின்ன எண்ணிக்கை. லட்சக்கணக்கான பொறியியல் மாணவர்கள் இருக்கிற மாநிலத்தில் அது லாட்டரி மாதிரித்தான் தெரியும். ஆனால் லாட்டரிக்கும் இதற்கும் வித்தியாசம், இதில் சீட்டு விலை இல்லை. தோற்றாலும் பயிற்சி கையில் மிஞ்சும்.

பள்ளியில் இருக்கும்போதே சில கதவுகள் உண்டு. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் பள்ளிக் கல்வித் துறை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அழைத்துச் சென்றது. பிறகு மலேசியா, ஜப்பான், தென் கொரியா என்று அந்தப் பயணங்கள் தொடர்ந்தன. ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014 முதல் நடத்தும் 'சகுரா சயின்ஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளி மாணவர்கள் சுமார் ஒரு வாரம் அங்கே போகிறார்கள், செலவு முகமையுடையது. மத்திய அரசின் 'இன்ஸ்பயர் மானக்' அறிவியல் போட்டியில் தேசிய அளவில் வென்றவர்கள் அதில் போயிருக்கிறார்கள். தனியாக யாரும் விண்ணப்பித்துப் போகிற திட்டம் இல்லை அது. ஆகவே "சகுரா புரோகிராம்ல சீட் வாங்கித் தர்றோம்" என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கல்லூரியில் சேர்ந்த பின் வழி இன்னும் அகலம். ஜெர்மனியின் டாட் அமைப்பு, ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கோடைக்கால மொழி வகுப்புகளுக்கு உதவித்தொகை தருகிறது. பட்டப்படிப்பில் இரண்டு வருடம் முடித்திருக்க வேண்டும், ஓரளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க், இந்திய இளங்கலை மாணவர்களை 12 வாரம் அங்குள்ள பேராசிரியருடன் ஆராய்ச்சி செய்ய அழைக்கிறது. 2009-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே 17 இந்திய மாணவர்களை வைத்துத்தான். பிரான்ஸ் தூதரகத்தின் 'சார்பாக் லேப்' உதவித்தொகையும் ஆராய்ச்சிப் பயிற்சிக்கானது. இவை எல்லாவற்றிலும் மாணவர் கையில் இருக்க வேண்டியவை ஒன்றுதான்: முதல் சில செமஸ்டர் மதிப்பெண், ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், செய்துகாட்டிய ஒரு சின்ன புராஜெக்ட். பிளஸ் 2 முடித்த கையோடு இவை யாரிடமும் இருக்காது.

ராஜபாளையத்தில் ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் கலசலிங்கம் என்று உள்ளூரிலேயே படிக்கப் போகிறவர்கள் அட்மிஷன் நாளிலேயே ஒரு கேள்வி கேட்கலாம். "உங்க காலேஜ் எந்த வெளிநாட்டு யுனிவர்சிட்டியோட ஒப்பந்தம் வச்சிருக்கு? போன வருஷம் எத்தனை பேர் போனாங்க? யார் செலவு?" ஒப்பந்தம் போட்ட போட்டோ எல்லாக் கல்லூரிச் சுவரிலும் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதுதான் முக்கியம்.

யாருக்கு இது உண்மையிலேயே உதவும்?

பிளஸ் 2 முடித்து நேரடியாக வெளிநாட்டிலேயே பட்டப்படிப்பு சேரப் போகிறவருக்கு. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நடத்தும் 'ப்ரீ-செஷனல்' ஆங்கில வகுப்புகள் இந்த வகை. சேரப் போகிற பல்கலைக்கழகமே நடத்துவது, அதை முடிப்பதே சில நேரம் அட்மிஷன் நிபந்தனை. தமிழ் மீடியத்தில் படித்து முதல்முறை வெளிநாட்டு வகுப்பறையில் உட்காரும் பிள்ளைக்கு அந்த ஆறு வாரம் பெரிய பிடிமானம். வெளிநாட்டில் படிக்க வைப்பதா வேண்டாமா என்று தீவிரமாக யோசிக்கிற, வசதியும் உள்ள குடும்பத்துக்கும் ஒரு நல்ல சம்மர் கோர்ஸ் முன்னோட்டமாக இருக்கும். நான்கு வருடத்துக்குப் பணம் போடும் முன் நான்கு வாரம் பார்த்துவிடுவது நியாயமான செலவே.

மற்றபடி, 'ரெஸ்யூமேக்கு வெயிட்' என்ற காரணம் பலவீனமானது. நான்காம் ஆண்டு கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரும் கம்பெனிக்காரர் கேட்கப்போவது பிளஸ் 2 முடித்த கோடையைப் பற்றி அல்ல.

ஏற்கெனவே பணம் கட்டிட்டோம், என்ன செய்யலாம்?

முதலில் ரசீதையும் ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், கோர்ஸ் ரத்தானால் எவ்வளவு, மாணவர் பின்வாங்கினால் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா? வாய்ச்சொல்லாக இருந்தால் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் கேட்பது நல்லது. கோர்ஸை நடத்தும் வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ முகவரிக்கு நேரடியாக எழுதி, "இந்தப் பெயரில் அட்மிஷன் இருக்கிறதா?" என்று கேட்கலாம். நிஜமான பல்கலைக்கழகம் பதில் சொல்லும்.

ஏஜென்ட்டுகள் மேல் அரசுக் கண்காணிப்பு இல்லையா என்ற கேள்வி வரும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர்கள் 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். படிப்புக்கு அனுப்புபவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பஞ்சாப் மாநிலம் 2012-ல் பயண ஏஜென்ட்டுகளுக்கென்று தனிச் சட்டமே போட்டது. மதுரையில் ஒரு மாடியறையில் 'ஓவர்சீஸ்' போர்டு வைப்பதற்குக் குடிபெயர்வுச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.

ஆனால் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏஜென்சி சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், பணம் கட்டியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் செயல்படுவது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்னை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தால், சில நிறுவனங்கள் அந்த நிலையிலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்களுக்குத்தான் எந்த வழியும் கடினம். ஜி-பே ஸ்கிரீன்ஷாட்டாவது இருக்கட்டும்.

இப்போது பிளஸ் 2-வில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

பாஸ்போர்ட் மட்டும் இப்போதே எடுத்து வைக்கலாம். 1,500 ரூபாய்ச் செலவு, அவசரம் இல்லாததால் தட்கல் தேவையில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் விரித்து எழுதியிருப்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வழக்கமான தலைவலி. அதைத் திருத்தவே சில வாரம் ஆகும்.

ரிசல்ட்டுக்குப் பிறகு மாவட்டத்தில் நடக்கும் 'கல்லூரிக் கனவு' வழிகாட்டி நிகழ்ச்சிக்குப் போனால், வெளிநாட்டுப் படிப்பு பற்றிய கேள்விகளை அங்கேயே இலவசமாகக் கேட்கலாம். ஆட்சியருடன் அரசுப் பள்ளி மாணவர்கள் உட்கார்ந்து பேசும் 'காபி வித் கலெக்டர்' நடக்கிற மாவட்டம் இது, கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்தபின் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளின் கோடைக்கான விண்ணப்பங்களில் பல, அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் டிசம்பருக்குள்ளேயே முடிந்துவிடும். மே மாதம் வாட்ஸ்அப்பில் வருபவை அந்தத் தேதிகளைத் தாண்டி மிஞ்சி நிற்பவை.